ஏழு வாய் ஏரியும் பலகையம்மாவும்

"ஏரிக்கு எதுக்கு பாப்பா படம்? ஏரி என்னா, நாளைக்கி எந்திரிச்சி நடந்து போயிடவா போவுது?"

மண்டோர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஏரிக்கரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, புவியியல் நோட்டின் நடுப்பக்கத்தில் கரையின் வளைவைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். அவர் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், கோயிலுக்குத் தலைவர். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து ஏரி எழுந்து போய்விட்டது.

ஆடி வெள்ளியில் என்னோடு கோயிலுக்குத் தண்ணீர்ச் செம்பு தூக்கிய ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். இருபத்தோரு வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று சிரிப்பீர்கள். உங்களில் இரண்டு பேர் இடுப்பில் குழந்தை. பூசாரி மகள் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு வீட்டுக்கு மருமகள். லோரி டிரைவர் மகளுக்குச் செகிஞ்சான் அரிசி ஆலையில் வேலை. கடைசிக் குட்டி இன்னும் பள்ளிச் சீருடையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் பழங்கதைக்கு நேரமில்லை என்று தெரியும். ஆனால் வரும் தையில் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்குள் நீங்கள் இதைப் படிக்காவிட்டால் நம் ஏரி இரண்டாம் முறை போய்விடும். முதல் முறை அது எப்படிப் போனது, எப்படி நின்றது என்பது நம் ஏழு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். அதிலும் பாதியை மறந்திருப்போம். நினைவுக்கு வருகிறபடி சொல்கிறேன்.

உண்மையில் அது அவ்வளவு பெரிய ஏரி இல்லை. ஒரு கரையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் மறுகரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். உடைந்த வளையல் துண்டு போன்ற வடிவம். மேற்கே கடல். கடல் ஏறும் நேரத்தில் தோட்டத்துக் கால்வாய்களில் உப்புத் தண்ணீர் பின்னோக்கி வரும். எங்கே கிணறு வெட்டினாலும் துரு வாடை, கரிப்பு. கிழக்கே சதுப்புக் காடு. அங்கிருந்து கசிந்து வரும் தண்ணீர் பால் ஊற்றாத தேநீரின் நிறம். இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு தண்ணீர் மட்டும்தான் இனிக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் குழாய்களில் வந்தது அதுதான். கரையில் இருந்த பம்பு வீடு விடிகாலையில் இருமத் தொடங்கும். அந்த இருமலில்தான் லயம் எழுந்து அடுப்பு மூட்டும்.

அது ஒரு காலத்தில் ஆற்றின் வளைவாக இருந்தது என்று இப்போது படித்திருக்கிறேன். ஆறு ஒரு வளைவை விட்டுவிட்டு நேராக ஓடத் தொடங்கினால், விட்டுப்போன வளைவு ஏரியாகிவிடும். அன்று அதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. நம் ஆட்கள் கதையில், கன்னிமார் ஏழு பேரும் நம் ஆட்களோடு கப்பலேறி வந்தார்கள். கரையில் இறங்கியதும் உப்புத் தண்ணீர் பட்டு அவர்களுக்குக் கால் எரிந்ததாம். நல்ல தண்ணீர் தேடி உள்ளே நடந்து, இந்த ஏரியில் காலை நனைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மறுகரையில் மஞ்சள் துணி போர்த்திய மேடு ஒன்று இருந்தது. கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் வியாழக்கிழமை மாலைகளில் வந்து சாம்பிராணி போடுவார்கள். ஒரு பெரியவர் அங்கே கைத்தடியை ஊன்ற, ஊற்று பிறந்தது என்பார்கள். பட்டணத்திலிருந்து வேனில் சாமான் கொண்டுவரும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் அந்த மேட்டைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தி இரு கையையும் ஏந்துவார். பிறகு இந்தப் பக்கம் வந்து நம் பூசாரிக்கு ஒரு டப்பி கற்பூரம் சும்மா கொடுத்துவிட்டுப் போவார். நாலைந்து வேதக்காரக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு இந்தத் தண்ணீரைத்தான் பாதிரியாரிடம் மந்திரிக்க எடுத்துப் போவார்கள். யாரும் யார் கதையையும் பொய் என்று சொல்லிக் கேட்டதில்லை.

நம் கதைப்படி ஏரிக்கு ஏழு வாய். கன்னிக்கு ஒரு வாய். ஆறு வாய்கள் காட்டுப் பக்கம், ஓடைகள் வந்து சேரும் இடங்கள். ஏழாவது, கடைசிக் கன்னியின் வாய், தனியாகக் கடல் பக்கத்தில், கோரைப்புல்லுக்குள் புதைந்து கிடந்தது. ஆடிக் கடைசி வெள்ளியன்று, வயதுக்கு வராத ஏழு பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு வாயில் செம்பை முக்கி எடுத்து, கரையைச் சுற்றி வந்து, அரசமரத்தடியில் இருந்த ஏழு கல்லுக்கும் ஊற்றவேண்டும். ஏழாவது வாய்க்குப் போக முழங்கால் சேறு, அட்டை வேறு. அதனால் ஏழு பேரில் மூத்தவளை அங்கே அனுப்புவார்கள். மூன்று வருடம் நான்தான் போனேன். அட்டைக்கடித் தழும்பை என் கணுக்காலில் இன்றும் காட்டுவேன்.

ஏழு கல்லுக்கும் பின்னால் பலகையம்மா. நினைவிருக்கிறதா? நம் மார்பு உயரம், இரண்டு சாண் அகலம், கருங்காலி போல் கறுத்த கட்டை. சிவப்புத் துணி சுற்றி நிற்கவைத்திருந்தார்கள். தலைப்பக்கமும் கால்பக்கமும் இழைத்தாற்போல் மெலிந்திருக்கும். இடுப்பில் ஒரு இரும்பு வளையம். அதில் நாம் கண்ணாடி வளையல்களைக் கோத்துவிடுவோம். ஆண் கை அவள்மேல் படக்கூடாது. பூசாரிகூட எட்டி நின்றுதான் ஆரத்தி காட்டுவார். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவது நம் ஏழு பேர் வேலை. அவள் யார், எப்போது வந்தாள் என்று கேட்டால், "ஆதியிலேர்ந்து இருக்கா, கேள்வி கேக்காத" என்பார் பூசாரி.

படத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளி முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புகுமுக வகுப்பில் புவியியலுக்கு ஒரு சீன ஆசிரியை. செகிஞ்சானிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நெல் வயல் வீட்டுப் பெண். அவரவர் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வரைந்து வரச் சொன்னார். நான் எவ்வளவு சிரத்தையாக வரைந்தேன் தெரியுமா? லயம், கோயில், மஞ்சள் மேடு, பம்பு வீடு எல்லாம் வண்ணப் பென்சிலில். ஏழு வாய்க்கும் ஏழு அம்புக்குறி போட்டேன். ஏழும் ஏரியைப் பார்த்து.

நோட்டு திரும்பி வந்தபோது பத்துக்கு நாலு. ஏழாவது அம்பின்மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. கீழே மலாயில் ஒரே வரி. 'எல்லாம் உள்ளே வந்தால் வெளியே போவது எது?'

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். அதுவரை நாலு என்ற எண்ணை என் நோட்டில் பார்த்ததில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை நோட்டை மார்போடு அணைத்து வைத்திருந்தேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. ஏழாவது வாய் தண்ணீர் குடிக்கிற வாய் இல்லை, கொடுக்கிற வாய் என்று அந்த ஆசிரியைக்கு நிரூபித்துக் காட்டவேண்டும். அது ஒன்றுதான் என் எண்ணம்.

சட்டைப் பை நிறைய ரப்பர் கொட்டைகளை அள்ளிக்கொண்டு போனேன். முதல் ஆறு வாயிலும் போட்ட கொட்டைகள் மெல்ல மெல்ல ஏரியை நோக்கி வந்தன. ஏழாவதில் போட்டேன். கொட்டை ஒரு நொடி நின்றது. பிறகு, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் கோரைக்குள் போய் மறைந்தது. காற்றாக இருக்கும் என்று காற்று நிற்கும்வரை காத்திருந்து போட்டேன். இடத்தை மாற்றிப் போட்டேன். பை காலியாகும்வரை போட்டேன். எல்லாம் கடல் பக்கமே போயின.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு எழுந்து நடப்பேன். பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையோடு ஏரிக்கு ஓடுவேன், கரையைச் சுற்றுவேன். ஆசிரியை சொன்னது சரி என்றால் பூசாரி, மண்டோர், அம்மா எல்லாரும் தப்பு. அந்த எண்ணம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி இருந்தது.

அந்த வருடம் வெயில் கொடுமை. பின்பக்கத்து ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்தார்கள். அதற்காகப் புதிதாக ஆழக் கால்வாய்கள் வெட்டினார்கள். ஓடைகள் இளைத்துப்போய் ஏரி ஒரு முழம் இறங்கியது. கோயிலில் கூட்டம் கூடியது. கடைசிக் கன்னியின் வாய் கோரையும் சேறும் அடைத்துக் கிடப்பதால்தான் தண்ணீர் குறைகிறது, வாயைத் திறந்துவிட்டால் அவள் கொண்டுவந்து கொட்டுவாள் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள், கையில் மண்வெட்டி.

நான் மண்டோர் முன்னால் போய் நின்றேன்.

"மண்டோரையா, அந்த வாயத் தொறக்காதீங்க. தண்ணி அது வழியாத்தான் வெளிய போவுது."

"யாரு சொன்னா?"

"ரப்பர் கொட்ட போட்டுப் பாத்தேன்."

"கேட்டிங்களாப்பா, ரப்பர் கொட்ட சொல்லிச்சாம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. "கன்னி வாயில கொட்டையப் போட்டியா? அதான் தொண்ட அடச்சிக்கிச்சி. போ வீட்டுக்கு" என்றார்.

நான் போகவில்லை. நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். பதினைந்து பேர் இறங்கிக் கோரையை வேரோடு அரிந்து வீசினார்கள். சேற்றை வாரி வாரிக் கரையில் போட்டார்கள். நண்பகலுக்குச் சற்று முன் கடைசி அடைப்பு உடைந்தது. தண்ணீர் பாய்ந்தது. சலசலவென்று, நுரையோடு. பெண்கள் குலவை போட்டார்கள். மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். எந்தப் பக்கம் பாய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஒருவர், "அண்ணே, வெளியில்ல போவுது" என்று மெல்லச் சொன்னார்.

"மொதல்ல அழுக்கு போவும். அப்பறம் நல்ல தண்ணி வரும். நீ தோண்டுயா" என்றார் மண்டோர்.

இன்றும் எனக்கு அந்தக் குலவைதான் காதில் நிற்கிறது. ஏரி நம்மைவிட்டுப் போவதற்கு நாமே குலவை போட்டு அனுப்பினோம்.

ஒரு வாரத்தில் கரையோரம் சேறு தெரிந்தது. இரண்டாம் வாரம் பம்பு வீடு சேற்றை உறிஞ்சித் தொண்டை கட்டி நின்றது. தோட்ட நிர்வாகம் டிராக்டரில் தொட்டி வைத்துத் தண்ணீர் அனுப்பியது. லயத்துப் பெண்கள் மண்ணெண்ணெய் டின்களோடு வரிசையில் நின்று அடித்துக்கொண்டார்கள். ஏரியின் அடி நாறியது. அழுகிய இலை, செத்த மீன், நனைந்த கரி எல்லாம் கலந்த நாற்றம். குளித்தாலும் போகாது, குளிக்கத் தண்ணீரும் கிடையாது.

வற்றிய அடியில் கிடந்தவற்றை நாம் பொறுக்கினோமே, அது மறந்திருக்காது. பச்சைத் துரு ஏறிய பித்தளைச் செம்புகள் பதினொன்று, எந்தெந்த வருடத்துப் பிள்ளைகள் கைநழுவ விட்டதோ. ரப்பர் பால் பிடிக்கும் மண் கோப்பைகள். சங்கிலி இல்லாத சைக்கிள். ஒரு பொம்மையின் கால். அப்புறம், மூடியில் என் பெயர் வெட்டிய என்னுடைய எவர்சில்வர் டிபன் டப்பா. ஐந்தாம் வகுப்பில் அது தொலைந்தபோது, பம்பு வீட்டுப் பக்கம் கழுவும்போது தவறி விழுந்தது என்றுதான் சொன்னேன். "பொய் சொல்ற, எவளுக்கோ குடுத்துட்டு வந்திருக்க" என்று அம்மா விறகால் அடித்தாள். சேற்றோடு அதைக் கொண்டுபோய் அம்மா முன் வைத்தேன். அம்மா புரட்டிப் பார்த்தாள். "மூடி நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அதில் மறுநாள் மிளகாய்த்தூள் போட்டு வைத்துவிட்டாள்.

பிறகு காரணம் தேடத் தொடங்கினார்கள். வாயைத் திறந்தது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு பிள்ளைகளில் ஒருத்தி வயதுக்கு வந்துவிட்டாள், மறைத்துக்கொண்டு போன ஆடியில் செம்பு தூக்கியிருக்கிறாள், அதனால்தான் கடைசிக் கன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றார் பூசாரி. ஏழு பேரில் மூத்தவள் நான். பட்டணத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறவளும் நான். மாலையில் மண்டோரும் பூசாரியும் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தார்கள்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. ஊர் தண்ணி விசயம். உள்ளத உள்ளபடி சொல்லிடு."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம்புள்ள வயசுக்கு வந்தா ஊரக் கூட்டி புட்டு அவிச்சிப் போடமாட்டனா? மறச்சி வெக்கிறதுக்கு அது என்னா திருட்டுச் சம்சுச் சாராயமா?"

மண்டோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசாரிக்கு வரவில்லை. "ஆடிக் கடைசி வெள்ளிக்குள்ள ஏரி நெறையலன்னா, இனிமே ஒம்மவ கோயில் பக்கமே வரக்கூடாது. படிப்புப் படிப்புன்னு பட்டணத்துக்கு அனுப்பனல்ல, அனுபவி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகு அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. நான் மறுபடி ஏரிக்குப் போனேன்.

தோட்டத்தில் கால்வாய் வெட்டுகிற மாமா ஒருவர் இருந்தார். வேதக்காரர். வாய் திறந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்ததால் அந்தக் கூட்டத்தில் இல்லை. அன்று வற்றிய ஏழாவது வாயில் இறங்கி, சேற்றில் கால் புதைய எதையோ தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் இரண்டு கறுத்த மரத்தூண்கள். சேறு இறங்கியதால் வெளியே தெரிந்தன. இரண்டிலும் ஒன்றையொன்று பார்த்தபடி மேலிருந்து கீழே நேராக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது.

"இது பலக போடுற பள்ளம்மா. நான் காவா வெட்டுற எடத்துலயும் இப்படித்தான் வெப்போம். இதுல பலகைய எறக்குனா தண்ணி நிக்கும், தூக்குனா போவும். அந்தக் காலத்து ஆளுங்க கெட்டிக்காரனுங்க. பலக எங்க போச்சின்னுதான் தெரியல."

நான் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மூன்று வருடம் மஞ்சள் பூசிய கை அது. தலையும் காலும் மெலிந்த ஒரு கட்டையின் கனத்தை அந்த விரல்கள் அறிந்திருந்தன.

"மாமா" என்றேன். திரும்பி அரசமரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான் வேதக்காரன். அத நான் சொல்லக்கூடாது. நீ என் கிட்ட கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூட அடிக்கோலால் தூண்களின் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தேன். மூன்று அடிக்கோலும் ஒரு கட்டைவிரலும். பொட்டு வைக்கிற சாக்கில் பலகையம்மாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தேன். மூன்று அடிக்கோல், ஒரு கட்டைவிரல். அவளை நிற்கவைத்திருந்ததால்தான் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள் படுக்கவேண்டியவள். இடுப்பு வளையம், தூக்குவதற்கான பிடி. எந்தக் காலத்திலோ யாரோ பழுது பார்க்க எடுத்திருப்பார்கள். சேறு போக மரியாதையாகக் கழுவி மரத்தடியில் சாத்தியிருப்பார்கள். யாரோ ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். அதற்குப்பின் யாருக்குத் தூக்க மனம் வரும்? கோரையும் சேறும் அவள் வேலையை இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்தன. அதைத்தான் நம் ஆட்கள் பக்தியோடு வெட்டி எறிந்தார்கள்.

இதை யாரிடம் சொல்வது? பெரியவர்களிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஆண் கை படக்கூடாது என்றால், மிச்சம் நாம்தான்.

ஆகஸ்டு விடுமுறை. காலை பதினொரு மணி, எல்லாரும் ரப்பர் பால் நிறுக்க ஸ்டோருக்குப் போயிருக்கும் நேரம். நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் ஆறு பேரும் முழித்தது கண்ணுக்குள் நிற்கிறது. பூசாரி மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடும்லா."

"ஏரி இல்லாம போனா எல்லாருக்கும் தோல் உரியும். குளிக்கக்கூட தண்ணி இல்ல, பாத்தியா?"

"பலகையம்மா கோவிச்சிக்க மாட்டாளாக்கா?" என்றது கடைசிக் குட்டி.

"நாமதான அவளக் குளிப்பாட்டுவோம்? குளிக்கக் கூட்டிட்டுப் போறோம். அவ்வளவுதான்."

அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சொன்ன எனக்கே பாதிப் பயம் போனது. சிவப்புத் துணியோடு தூக்கினோம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், கடைசிக் குட்டி குங்குமக் கிண்ணத்தோடு முன்னால். சேற்றில் லோரி டிரைவர் மகள் வழுக்கி விழ, பலகையம்மா அவள் மடியில் விழுந்தாள். "ஐயோ, என்னத் தொட்டுட்டா" என்று அவள் அழ, "நீதான்டி அவளத் தொட்ட" என்று பூசாரி மகள் திட்ட, சிரிப்பும் அழுகையுமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தூண்களின் பள்ளத்தில் இரு முனையையும் வைத்தோம். பாதி இறங்கி இறுகிக்கொண்டது. அமுக்கினோம், அசையவில்லை. அப்போது பூசாரி மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையம்மாமேல் ஏறிக் குதித்தாள். அவளா! ஒரு குதி, இரண்டு குதி. மூன்றாவதில் 'தொப்' என்று அடிவரை இறங்கியது.

வடிந்துகொண்டிருந்த கடைசித் தண்ணீர் அவளிடம் வந்து முட்டி, தயங்கி, நின்றது. கையால் சேற்றை அள்ளி இடுக்குகளில் அப்பினோம். கற்பூரம் இல்லாமல் குங்குமம் மட்டும் வைத்துக் கும்பிட்டோம். யாரிடமும் சொல்வதில்லை என்று ஏரிச் சேற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தோம்.

மறுநாள் காலை பூசாரி மரத்தடியில் அலறினார். லயமே ஓடியது. தேடிக்கொண்டு போனவர்கள் ஏழாவது வாயில் அவளைக் கண்டார்கள். குறுக்கே படுத்திருந்தாள். அவளுக்கு உட்பக்கம் ஒரு சாண் தண்ணீர். ஆறு ஓடைகளும் இளைத்தாலும் செத்துவிடவில்லை. ஓர் இரவில் அவ்வளவு சேர்த்திருந்தன. பூசாரி சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஆத்தா நடந்து வந்து வாசல மறிச்சிப் படுத்துட்டா! தண்ணி போவாத புடிச்சிக்கிட்டா!" என்று அழுதார். மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் மழையும் வந்துவிட்டது. அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்?

நான் சொல்லப் பார்த்தேன். சத்தியம் செய்தவள்தான், ஆனாலும் முதல் நாள் அந்தக் கூட்டத்தில் என் வாய் திறந்துவிட்டது. "நாங்கதான்" என்பதுவரை வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் மிச்சம் உள்ளே போனது. வீட்டுக்கு வந்ததும் என் சட்டை ஓரத்தை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் கறை.

"நேத்தே பாத்தேன். ஏரி நின்னிச்சா? ஒம்மேல வந்த பழி போச்சா? வாய மூடு."

அவள் பயந்தவள் என்று அன்று வெறுத்தேன். இன்று அவள் பயம் எனக்குப் புரிகிறது. என்னைப் பள்ளியைவிட்டு நிறுத்த ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை அவள் கிள்ளி எறிந்தாள். ஆனால் அவள் செய்தது சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நாம் மூடிய வாயால்தான் இப்போது இது வந்திருக்கிறது.

போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது மண்டோர் வீடு தேடி வந்தார். இப்போது அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார், கோயில் தலைவர் பதவியிலிருந்து நிற்கவில்லை. "யுனிவர்சிட்டில படிக்கிறது நம்ம தோட்டத்துலயே நீ ஒருத்திதான். கும்பாபிஷேக மலருக்கு ஏரி வரலாறு நாலு பக்கம் எழுதிக் குடு. ஆத்தா நடந்து வந்தத நல்லா எழுது" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார். எட்டு வருடமாகச் சேற்றில் கிடக்கிற பலகையம்மாவைத் தையில் தூக்கி, பித்தளைத் தகடு போர்த்தி, புதுக் கருவறையில் நிறுத்தப்போகிறார்களாம்.

தை, மாசி. ஓடைகள் மறுபடி இளைக்கும் மாதங்கள்.

எழுதி எடுத்துக்கொண்டு நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். ஆற்றின் வளைவிலிருந்து ரப்பர் கொட்டைவரை எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஆத்தா வரவில்லை என்று நான் எழுதவில்லை. பதினான்கு கால்களால் நடந்து வந்தாள் என்று எழுதியிருக்கிறேன். கருவறைக்கு அவளைக் கொண்டுபோங்கள், அதற்குமுன் அந்தப் பள்ளத்தில் வேறு ஒரு பலகையை இறக்குங்கள், நான் கேட்பது அவ்வளவுதான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"எட்டு வருசமா ஊரே கும்புடுது. நீ ஒருத்தி வந்து சொன்னா யாரு நம்புவா?"

"நான் ஒருத்தி இல்லங்கய்யா, ஏழு பேரு."

"எங்க மத்த ஆறு பேரு? கட்டிக் குடுத்த புள்ளைங்க, மாமியா வீட்டுல இருந்துக்கிட்டு நாங்கதான் ஆத்தா மேல ஏறிக் குதிச்சோம்னு சொல்லுமா? ஏழு பேரும் எழுதிக் குடுங்க. சபையில நானே வெக்கிறேன். அப்பறம் வர்றத நான் பாத்துக்கறேன். யோசிச்சிச் சொல்லு."

அவர் சொன்னது நியாயம். உங்களுக்கு வரக்கூடிய பேச்சை நான் அறியாதவள் இல்லை. எனக்கென்ன, நான் விடுதி அறையில் இருப்பேன். பூசாரி மகளே, உனக்குத்தான் மிகக் கடினம், உன் அப்பாவை நீ எதிர்கொள்ளவேண்டும். மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் சண்டை போட மாட்டேன். ஆனால் மண்டோர் என்னிடம் யோசித்துச் சொல்லச் சொன்னபோது யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. அவர் மேசையில் கிடந்த தாள் ஒன்றை எடுத்தேன். நடந்ததை ஐந்து வரியில் எழுதினேன். அடியில் ஏழு கோடுகள் போட்டேன். அவருடைய பேனாவாலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் கோட்டில் என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.